நூற்றுக்கு நூறு வாங்கும் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றில்லை

எங்கள் ஊர்ப் பக்கம் இப்போது எந்தத் தனியார் பள்ளியைப் பார்த்தாலும் டேலண்ட் பேட்ச், ஒலிம்பியாட் பேட்ச், ஐஐடி ஃபவுண்டேஷன் என்று ஏதாவது ஒன்று இருக்கிறது. அதற்குத் தனிக் கட்டணம். நாலாம் வகுப்பு படிக்கும் என் மகளையும் அப்படி ஒன்றில் சேர்த்தார்கள். அங்கே என்ன நடக்கிறது தெரியுமா? மற்ற பிள்ளைகள் பத்துப் பெருக்கல் கணக்கு போட்டால் இவர்கள் நாற்பது போட வேண்டும், அவ்வளவுதான். அதே பெருக்கல், அதே மாதிரிக் கணக்கு, தாள் மட்டும் கூடுதல். வீட்டில் தானாகவே சமன்பாடு எழுதி விடை கண்டுபிடிக்கிற பிள்ளை, வகுப்பில் மூன்றிலிருந்து ஐந்தைக் கழித்தால் என்ன வரும் என்று கேட்டிருக்கிறாள். முழுக்கள் (பூஜ்யத்துக்குக் கீழே போகும் எண்களும் சேர்ந்தவை) எல்லாம் ஆறாம் வகுப்பில்தான் வரும், இப்போது கேட்காதே என்று உட்கார வைத்துவிட்டார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

பள்ளிக்காரர்களுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் வாங்கினால் எல்லோரும் ஒரே ரகம். ஐக்யூ என்கிற அறிவுத்திறன் அளவு எல்லாவற்றையும் சொல்லிவிடாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சராசரியை 100 என்று வைக்கும் அந்த அளவிலேயே 130-ஐத் தாண்டுபவர்கள் நூற்றில் இரண்டு பேர், 145-ஐத் தாண்டுபவர்கள் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவர், 160 என்றால் முப்பதாயிரம் பேரில் ஒருவர் தேறுவதே கஷ்டம். நூற்றில் இரண்டாக இருக்கும் பிள்ளைக்கு வாரம் இரண்டு பீரியட் புதிர்க் கணக்கும் ஒரு நல்ல ஆசிரியரும் கிடைத்தால் தன் வகுப்பிலேயே சந்தோஷமாக இருந்துவிடும். ஆயிரத்தில் ஒன்றாக இருக்கும் பிள்ளைக்கு அது போதவே போதாது, பாடமே மாற வேண்டும். அதற்கும் மேலே போனால் வயதை வைத்து வகுப்பு பிரிக்கும் ஏற்பாடே பொருந்தாது. இவர்கள் அத்தனை பேரையும் ஒரே பேட்சில் அடைத்து ஒரே ஒர்க்‌ஷீட்டைக் கொடுக்கிறார்கள்.

பள்ளித் தேர்வு இந்த வித்தியாசத்தைக் காட்டவும் காட்டாது, ஏனென்றால் அதில் நூறுக்கு மேல் மார்க் கிடையாது. நூறு வாங்கிய இரண்டு பிள்ளைகளில் ஒன்று முட்டி மோதி அங்கே வந்திருக்கும், இன்னொன்று பாதி நேரத்தில் முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜூலியன் ஸ்டான்லி 1970களின் தொடக்கத்திலேயே 12, 13 வயதுப் பிள்ளைகளை, கல்லூரியில் சேரப்போகிறவர்கள் எழுதும் சாட் தேர்வின் கணிதப் பகுதியை எழுத வைத்தார். பள்ளியில் எல்லோரும் முதல் வரிசைதான், ஆனால் இந்தத் தேர்வில் யார் எவ்வளவு தூரம் முன்னே இருக்கிறார் என்பது தெரிந்துவிட்டது. ஐம்பது வருஷம் ஆயிற்று. மேல்வகுப்புக் கேள்வித்தாள் ஒன்றைக் கொடுத்துப் பார்க்க இங்கே என்ன செலவு?

அரசாங்கமாவது செய்யுமா என்றால், உதவித்தொகைக்காக 1963-ல் தொடங்கிய தேசியத் திறனாய்வுத் தேர்வை 2021-ஓடு நிறுத்திவைத்தார்கள். கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஊரகத் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது, மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர், உதவித்தொகை வருஷத்துக்கு 1000 ரூபாய். அந்தப் பணம் ஏழை வீட்டுக்கு வேண்டும்தான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் தேர்வான பிள்ளை மறுநாள் அதே வகுப்பில் அதே பாடத்துக்குத்தானே போய் உட்காருகிறது?

இதில் இன்னொரு கொடுமை. என் மகளின் கையெழுத்து அவள் வயதுக்கு உரியதுதான், சமூக அறிவியலில் சுமார்தான். அதைக் காட்டி பேட்சிலிருந்து எடுத்துவிடுவோம் என்கிறார்கள். கணக்கில் மூன்று வகுப்பு முன்னே இருக்கும் பிள்ளை எல்லாவற்றிலும் மூன்று வகுப்பு முன்னே இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? ராமானுஜன் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தது மற்றப் பாடங்களில் தவறியதால்தான். டிசம்பர் 22 ஆனால் அவர் படத்துக்கு மாலை போடும் பள்ளிதான் இதைச் சொல்கிறது.

நான் ஒன்றும் ஊரில் இல்லாததைக் கேட்கவில்லை. வகுப்பு தாண்டிப் போடச் சொல்லவில்லை. கணக்குப் பீரியடுக்கு மட்டும் ஆறாம் வகுப்பில் உட்காரட்டும், மற்ற நேரம் தன் சிநேகிதிகளோடு இருக்கட்டும். பெரிய பிள்ளைகளோடு ஒட்டமாட்டாள் என்கிறார்கள். தெருவில் தினமும் அவள் விளையாடுவதே ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடுதான். டைம்டேபிள் ஒத்துவராது என்கிறார்கள். டைம்டேபிள் போடுவது நீங்கள்தானே சார்? அடுத்த ஜூனில் இரண்டு வகுப்புக்கும் கணக்கை ஒரே பீரியடில் வையுங்கள். அதுவும் முடியாது என்றால் பேட்சுக்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.