முழுக் காசு வாங்கிக்கொண்டு அரை வெளிச்சம் காட்டாதீர்கள்

"நைட் சீன் ஒண்ணுமே தெரியல, டயலாக் சுத்தமா கேக்கல." படம் வெளியான அன்று சாயங்காலத்துக்குள் இந்தப் புகார் வந்துவிடுகிறது. உடனே கேமராமேனுக்கும் சவுண்ட் மிக்ஸிங் செய்தவருக்கும் வசை. கொஞ்சம் நிறுத்துங்கள். பல நேரங்களில் தப்பு படத்தில் இல்லை. உங்கள் தலைக்குப் பின்னால், அந்தச் சின்னக் கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம், புரொஜெக்டர் அறையில் இருக்கிறது. சென்னை மல்டிபிளெக்ஸில் டிக்கெட், ஆன்லைனில் எடுத்தால் அதற்கு மேல் தனிக் கட்டணம், பார்க்கிங், பாப்கார்ன் எல்லாம் கொடுத்துவிட்டு, எடுத்தவர்கள் எடுத்த படத்தை நாம் பார்ப்பதே இல்லை என்றால் வயிறு எரியாதா?

முதலில் வெளிச்சம். டிஜிட்டல் சினிமாவுக்கு இதில் எழுதிவைத்த அளவு இருக்கிறது. வெறும் வெள்ளையைத் திரையில் அடித்தால் நடுவில் 14 ஃபுட்-லாம்பெர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். மூன்று கூடலாம், மூன்று குறையலாம், 11-க்குக் கீழே போகக் கூடாது. டிஐ, அதாவது படத்தின் நிறத்தையும் வெளிச்சத்தையும் கம்ப்யூட்டரில் சரிசெய்யும் வேலை, நடக்கும்போது அதைச் செய்யும் கலரிஸ்டும் கேமராமேனும் வாரக்கணக்கில் உட்கார்ந்து, முகத்தின் எந்தப் பக்கம் எவ்வளவு இருட்டு என்று பார்த்துப் பார்த்து வைப்பது அந்த 14-ஐ நம்பித்தான். பி.சி.ஸ்ரீராம் மாதிரி நிழலை வைத்துக் கதை சொல்கிற ஒரு கேமராமேனின் வேலையை 6 ஃபுட்-லாம்பெர்ட்டில் ஓட்டினால் என்ன மிஞ்சும்? கறுப்பு மட்டும்தான்.

ஏன் இறங்குகிறது? லேம்ப். புரொஜெக்டருக்கு வெளிச்சம் தரும் செனான் லேம்ப் எரிய எரிய உள்ளே எலெக்ட்ரோடு எனும் உலோக முனை ஆவியாகி, கண்ணாடியின் உள்பக்கம் கறுப்பாகப் படியும். நாளைக்கு நாலு ஷோ, ஷோவுக்கு மூன்று மணி நேரம் என்றால் ஆயிரம் மணி நேர ஆயுள் உள்ள லேம்ப் மூன்று மாதம்கூட வராது. மாற்றச் செலவாகும் என்று அதையே இழுத்துக்கொண்டு போகிறார்கள். இன்னும் சிலர், புது லேம்ப் போட்ட நாளிலிருந்தே கரண்டைக் குறைத்து வைக்கிறார்கள், நீடித்து உழைக்குமாம். குறைந்தபட்சக் கரண்டுக்குக் கீழே போனால் உள்ளே முனைகளுக்கு நடுவே எரியும் ஆர்க் நிலையாக நிற்காது, படம் படபடக்கும், எலெக்ட்ரோடு முனையும் கெடும். லேம்பும் மிச்சமாகாது, படமும் தெரியாது. ரிஃப்ளெக்டருக்கு நேராக லேம்ப் உட்காரவில்லை என்றால் நடுவில் பளீர், நாலு மூலையிலும் மங்கல். லேசர் புரொஜெக்டர் வந்த பிறகாவது திருந்துவார்கள் என்று பார்த்தால், அதிலும் பவரைக் குறைத்து வைக்க வழி இருக்கிறது, குறைத்தும் வைக்கிறார்கள்.

அடுத்தது, 3டி படம் ஓட்டிய ஸ்கிரீனில் சாதாரணப் படம் ஓட்டும்போது லென்ஸுக்கு முன்னால் இருக்கும் 3டி ஃபில்டரை நகர்த்தாமல் விடுவது. அது தனியாகவே பாதிக்கு மேல் வெளிச்சத்தைத் தின்னும். பழைய லேம்பில் 8-க்கு இறங்கிய வெளிச்சம் இப்போது 4-க்கும் கீழே. நகர்த்த ஒரு நிமிடம் ஆகாது! அந்த ஒரு நிமிட வேலைக்கு ஆளில்லாமல் முன்னூறு பேர் இருட்டைப் பார்த்துக்கொண்டு உட்காருகிறார்கள். புரொஜெக்டர் அறையின் ஜன்னல் கண்ணாடி வேறு. பூச்சு இல்லாத சாதாரணக் கண்ணாடி போட்டாலே எட்டு சதவீதம் போல வெளிச்சம் திரும்பிவிடும். அதன்மேல் மாதக்கணக்காகத் துடைக்காத தூசி.

திரையின் அளவையும் விட்டுவைப்பதில்லை. தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் ஸ்கோப், அதாவது அகலத்துக்கும் உயரத்துக்கும் கணக்கு 2.39-க்கு 1. விளம்பரங்கள் பல நேரம் ஃபிளாட், 1.85-க்கு 1. விளம்பரம் முடிந்ததும் லென்ஸ் ஜூம் மாற வேண்டும், ஓரத்துக் கறுப்புத் துணி நகர வேண்டும். துணியின் மோட்டார் கெட்டு எத்தனை காலமோ, பல இடங்களில் துணியே போடவில்லை. அதனால் படத்துக்கு மேலும் கீழும் சாம்பல் நிறத்தில் பட்டை. ஸ்கோப்புக்கு வைத்த ஜூமிலேயே ஃபிளாட் படத்தை ஓட்டினால் தலையும் சப்டைட்டிலும் வெட்டுப்படும்.

சத்தத்துக்கு வருவோம், இங்கேதான் கொதிக்கிறது. தியேட்டரின் ஒலியைக் கட்டுப்படுத்தும் டால்பி பிராசசரில் ஃபேடர், அதாவது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு, 0 முதல் 10 வரை. சரியான அளவு 7. ஃபேடரை 7-இல் வைத்து பிங்க் நாய்ஸ் (சோதனைக்கான 'ஷ்ஷ்' இரைச்சல்) ஓட்டினால், திரைக்குப் பின்னால் இருக்கும் ஒவ்வொரு ஸ்பீக்கரும் நாம் உட்காரும் இடத்தில் 85 டெசிபல் தர வேண்டும். மிக்ஸிங் நடக்கும் அரங்கிலும் அதே 7, அதே 85. அங்கே கேட்டதுதான் இங்கே கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடே. அதை 4-க்கு இறக்கினால் 10 டெசிபல் போய்விடும், காதுக்குக் கிட்டத்தட்ட பாதிச் சத்தம். பேஸ் அதைவிட மோசமாகக் காணாமல் போகும். மெதுவாகப் பேசும் வசனம் ஏசி இரைச்சலுக்குள் முழுகிவிடும்.

இறக்குவதற்குக் காரணம் அநேகமாக விளம்பரம். நகைக்கடை, வேட்டி, ரியல் எஸ்டேட் விளம்பரங்கள் காதைக் கிழிக்கிற சத்தத்தில் வருகின்றன. யாரோ புகார் சொல்ல, ஃபேடரை 4.5-க்கு இறக்குகிறார்கள். படம் தொடங்கியதும் ஏற்ற வேண்டுமே? ஏற்றுவதில்லை. அதே 4.5-இல் படம் முடிகிறது. தியேட்டர்கள் குறைத்துத்தான் ஓட்டும் என்று தெரிந்து, படக்குழுவினர் மிக்ஸிங்கிலேயே எல்லாவற்றையும் ஏற்றி வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் படம் ஒழுங்காக 7-இல் ஓட்டும் தியேட்டருக்குப் போனால் காது வலிக்கிறது. அங்கேயும் புகார், அந்தத் தியேட்டர்காரரும் இறக்குகிறார். ஒழுங்காக இருந்தவரையும் சேர்த்துக் கெடுத்தாயிற்று.

ரசிகர் ஷோ இன்னொரு கொடுமை. ஹீரோ என்ட்ரிக்கு ஃபேடரை 8.5, 9 என்று ஏற்றி விசில் வாங்குகிறார்கள். அன்றைக்கே நடு ஸ்பீக்கரில் கூர்மையான ஒலிகளைத் தரும் ஹை ஃப்ரீக்வென்சி டிரைவரின் டயாஃப்ரம் (அதிரும் மெல்லிய தகடு) கிழிந்துவிடலாம். வசனம் வருவது அந்த நடு ஸ்பீக்கரில்தான். கிழிந்தால் அதற்குப் பிறகு ச, ஸ, ஷ எல்லாம் மழுங்கி, போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கும். பிராசசரில் ஒவ்வொரு சேனலாக பிங்க் நாய்ஸ் ஓட்டிக் கேட்டால் ஐந்தே நிமிடத்தில் எந்த ஸ்பீக்கர் போயிற்று என்று தெரிந்துவிடும். கேட்பதில்லை. பக்கச் சுவர் ஸ்பீக்கர்கள் செத்தே கிடக்கின்றன, வாசலில் மட்டும், சுற்றிலும் தலைக்கு மேலும் ஒலி வரும் என்று சொல்லும் அட்மாஸ் போர்டு பளபளக்கிறது. ரசூல் பூக்குட்டி ஆஸ்கார் வாங்கியது 2009-இல். அப்படிப்பட்ட ஒலிக்கலைஞர்கள் வேலை செய்கிற நாட்டில், அவர்கள் வேலையைக் கேட்க வைக்க ஐந்து நிமிடம் ஒதுக்க ஆளில்லை.

ஆளே இல்லை என்பதுதான் உண்மை. ஃபிலிம் காலத்தில் "ஆபரேட்டர், போகஸ்!" என்று கத்தினால் மேலே ஒருவர் ஓடிப்போய் லென்ஸைத் திருகுவார். இப்போது ஆறு ஸ்கிரீனுக்கு ஒருவர், அல்லது கம்ப்யூட்டரில் நேரம் போட்டுவிட்டுப் பூட்டிய அறை. கத்தினால் யாருக்குக் கேட்கும்? ஆபரேட்டர்களைக் குறை சொல்லவில்லை. தொழில் தெரிந்த ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு அந்தச் சம்பளத்தை மிச்சம் பிடித்தவர்களைத்தான் சொல்கிறேன்.

ஆகவே உட்கார்ந்த இடத்தில் கத்தாதீர்கள். படம் தொடங்கிய முதல் பத்து நிமிடத்துக்குள் எழுந்து வெளியே போய் மேனேஜரைப் பிடியுங்கள். "சவுண்ட் கம்மி" என்று சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். "ஃபேடர் எத்தனையில இருக்கு? விளம்பரத்துக்கு இறக்கினதை ஏத்தினீங்களா?" என்று கேளுங்கள். இருட்டாக இருந்தால், "3டி ஃபில்டர் எடுத்தாச்சா? லேம்ப் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கு?" இந்த மணிக்கணக்கு புரொஜெக்டர் மெனுவிலேயே இருக்கிறது, தெரியாது என்று சொல்ல முடியாது. வசனம் மழுங்கினால் நடு ஸ்பீக்கர் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். சரிசெய்ய முடியாது என்றால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். இன்டர்வெல் வரை பொறுத்தால் பாதிப் படம் பார்த்தாயிற்றே என்பார்கள், அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

தியேட்டர்காரர்களே, டிக்கெட் கவுண்டரில் பாப்கார்ன் காம்போ விலையை எழுதிவைக்க இடம் இருக்கிறதல்லவா? பக்கத்திலேயே ஒரு பலகை வையுங்கள். ஸ்கிரீன் எண், இந்த மாதம் மீட்டர் வைத்து அளந்த வெளிச்சம், இந்தப் படம் ஓடும் ஃபேடர் எண். அதைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுக்கிறோம்.