இறுக்கினால் மட்டும் போதாது

"சாலைக் கரையை ரோலர் போட்டு நன்றாக இறுக்கிவிட்டால் களிமண் அரிக்காது" என்று சொல்லப்படுவது சாதாரணக் களிமண்ணுக்கு ஓரளவு பொருந்தும். நீர் பட்டதும் துகள்துகளாகப் பிரிந்து கரையும் சிதறும் களிமண்ணுக்குப் பொருந்தாது. அதை நம்பி வேலை செய்தால் கரை உள்ளுக்குள்ளேயே ஓட்டை விழுந்துவிடும்.

காரணம் வேதியியல். இந்த மண்ணின் களித்துகள்களில் சோடியம் அதிகமாக ஒட்டியிருக்கிறது. உப்பில்லாத மழைநீர் பட்டதும் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிப் பிரிகின்றன. நீர் வேகமாக ஓட வேண்டியதில்லை, தேங்கி நின்றாலே போதும். இறுக்குவது அவசியம்தான், நீர் புகும் வழி குறையும். ஆனால் ஒரே ஒரு விரிசல் கிடைத்தாலும் அது சுரங்கமாக வளர்ந்துவிடும்.

துகள்களின் அளவைப் பார்க்கும் சல்லடைச் சோதனை இதைக் காட்டிக்கொடுக்காது. ஒரு சென்டிமீட்டருக்கும் சிறிய மண்கட்டியைக் காய்ச்சி வடித்த நீரில் போட்டு, அசைக்காமல் சில நிமிடம் பாருங்கள். வெறுமனே உதிர்ந்து குவிந்தால் அது வேறு விஷயம். கட்டியைச் சுற்றிப் பால்போலக் கலங்கல் படர்ந்து, தெளியாமல் நின்றால் அதுதான் சிதறல். கலங்காவிட்டாலும் உடனே நிம்மதி அடைய வேண்டாம், மண்மாதிரியில் இட்ட 1 மி.மீ. துளை வழியே நீரைச் செலுத்தும் ஊசித்துளைச் சோதனையையும் செய்துவிடுவது நல்லது.

ஜிப்சம் அல்லது சுண்ணாம்பு கலந்தால் கால்சியம் சோடியத்தின் இடத்தைப் பிடிக்கும். சரிவை வெறுமனே விடாமல் சிதறாத மண்ணைப் பரப்பிப் புல் வளர்க்க வேண்டும். மழைநீர் வடியக் கான்கிரீட் வாய்க்கால் போட்டாயிற்றே என்று இருந்துவிடாதீர்கள்: இணைப்புகளில் கசியும் நீர் அடிமண்ணைக் கரைத்து, வாய்க்காலையே அந்தரத்தில் நிறுத்திவிடும்.