செத்த உலைக்கு எதற்கு நீல வெளிச்சம்?

மூடிப்போன ஓர் அணு ஆய்வு உலையின் படம் நேற்று மட்டும் மூன்று பேர் பகிர்ந்து என் கண்ணில் பட்டது. நல்ல படம்தான். வட்டக் கூடம், நடுவில் உலைத் தொட்டி, நூல் பிடித்து வைத்ததுபோல் இரண்டு பக்கமும் படிக்கட்டுகள். ஆள் இல்லை, தூசி இல்லை. எல்லாவற்றின் மேலும் நீல ஒளி தவழ்கிறது. கீழே வரிசையாக ஹார்ட்டின்கள். எனக்கு அந்த நீலத்தோடுதான் சண்டை.

உலைக்குள் நீலம் தெரியும் என்பது உண்மைதான். தண்ணீருக்குள் ஒளி கொஞ்சம் மெதுவாகத்தான் போகும், வெற்றிடத்தில் போகிற வேகத்தில் சுமார் முக்கால் பங்கு. எரிபொருளின் கதிர்வீச்சால் உந்தப்பட்ட எலக்ட்ரான்கள் தண்ணீருக்குள் ஒளியின் அந்தக் குறைந்த வேகத்தைத் தாண்டும்போது நீல ஒளி கிளம்புகிறது. 1934இல் சோவியத் இயற்பியலாளர் செரென்கோவ் பதிவுசெய்த விஷயம் இது. 1958இல் அதற்கு நோபல் கிடைத்தது. மும்பையின் டிராம்பேயில் 1956 ஆகஸ்ட் 4 அன்று இயங்கத் தொடங்கிய உலைக்கு நேரு 'அப்சரா' என்று பெயர் வைத்ததற்குக் காரணமே இந்த ஒளிதான் என்பார்கள்.

சரி, அது உயிரோடு இருக்கும் உலை. எரிபொருளை எடுத்து, தண்ணீரையும் வடித்துவிட்ட பிறகு ஏது நீலம்? கலர் கிரேடிங்கில், அதாவது எடுத்த படத்தின் நிறத்தைப் பிறகு மாற்றியதில் வந்த நீலம். சில உலைகளில் அது தெரிய வழியே இருந்ததில்லை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் 1943 நவம்பர் 4 அன்று இயங்கத் தொடங்கி, 1963இல் அதே நவம்பர் 4 அன்று நிறுத்தப்பட்ட எக்ஸ்-10 ஒரு கிராஃபைட் உலை. தண்ணீர்க் குளமே கிடையாது, காற்றால் குளிர்வித்தார்கள். அதன் படத்துக்கும் ஒருவர் நீலம் பூசியிருந்ததைப் பார்த்தேன்.

ஸ்டாக்ஹோமின் ஆர்1 கதை வேறு. தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு அடியில், பாறையைக் குடைந்து, சுமார் 25 மீட்டர் ஆழத்தில் 1954இல் இயக்கிய உலை. 1970இல் நிறுத்தினார்கள். உலை இருந்த இடத்தில் இப்போது ஒரு பள்ளம்தான் இருக்கிறது. கூடத்தில் கலை நிகழ்ச்சிகள் நடக்கின்றன, பழைய சினிமா தியேட்டர் ஆர்கன் ஒன்றும் வாசிக்கப்படுகிறது. அங்கே நீல விளக்குப் போட்டால் அது மேடை விளக்கு. யாரும் ஏமாறப்போவதில்லை.

"கலைப்படம்தானே, என்ன போலீஸ் ரெக்கார்டா?" என்று கேட்பீர்கள். கருப்பு வெள்ளையில் எடுங்கள், எனக்கு ஒரு புகாரும் இல்லை. நிறத்தை எடுத்துவிட்டேன் என்று அந்தப் படம் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. நீலம் அப்படியில்லை. இன்னும் உயிர் இருக்கிறது என்று சாடை காட்டுகிறது. பிணத்துக்கு ரோஸ் பவுடர் போடுவது போல.

அந்த நீலத்துக்கு அடியில் என்ன போய்விடுகிறது தெரியுமா? பச்சை. அந்தக் காலத்து அமெரிக்கக் கட்டுப்பாட்டு அறைகள் பலவற்றின் பலகைகளுக்கு வெளிறிய பச்சைதான் அடித்திருப்பார்கள். அழகுக்காக இல்லை. ராத்திரி ஷிஃப்டில் எட்டு மணி நேரம் மீட்டர் முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பவரின் கண் எரியக் கூடாது என்று. ஃபேபர் பிர்ரன் போன்ற நிற ஆலோசகர்கள் 1940களில் தொழிற்சாலைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. யாரோ ஒரு ஆபரேட்டரின் கண்ணுக்காகப் போட்ட பெயிண்டை நாம் நம் லைக்குக்காக மாற்றுகிறோம்.

அப்புறம் அந்தச் சுத்தம். மூடிய உலையின் சுவரில் பல நேரம் மார்க்கரால் கட்டம் போட்டு எண் எழுதியிருப்பார்கள். எந்தச் சதுரத்தில் கதிரியக்கம் ஒட்டியிருக்கிறது என்று அளந்தவர்கள் விட்டுப்போன கோடு. சின்ன வட்டக் காகிதத்தால் சுவரைத் துடைத்து, அதைக் கருவிக்குள் வைத்து எண்ணி, அடுத்த கட்டத்துக்கு நகர்ந்திருப்பார்கள். மாதக்கணக்கில் நடந்த வேலை. அந்தக் கோணல் எண்களைத்தான் 'டிஸ்ட்ராக்‌ஷன்' என்று சொல்லி அழிக்கிறார்கள்.

எனக்குப் பிடித்த படம் ஒன்று சொல்கிறேன். ஐடஹோவில் ஈபிஆர்-1 என்ற உலை, இப்போது அருங்காட்சியகம். 1951 டிசம்பர் 20 அன்று அங்கே அணுசக்தி மின்சாரத்தில் நாலு பல்பு எரிந்தது. பல்பு எரிந்த மகிழ்ச்சியில் அங்கே வேலைசெய்தவர்கள் சாக்பீஸால் சுவரில் தங்கள் பெயர்களை எழுதி வைத்தார்கள். இன்றும் இருக்கிறது. ஸ்கூல் சுவரில் எழுதுவோமே, அந்த மாதிரி. அந்தச் சுவரைச் சும்மா நேராக நின்று எடுத்த சாதாரணப் படத்தைத்தான் நான் சேமித்து வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. கேமராக்காரர்கள் அணு உலைக்குள் விருந்தாளிகள் இல்லை, பழைய உறவுக்காரர்கள். 1896இல் பிரெஞ்சு இயற்பியலாளர் பெக்கரெல் யுரேனியம் உப்பைக் கருப்புக் காகிதத்தில் சுற்றிய ஒளிப்படத் தட்டின் மேல் வைத்து, பாரிஸில் வெயில் இல்லாததால் டிராயரில் போட்டுவிட்டார். மார்ச் 1 அன்று கழுவிப் பார்த்தால் வெயிலே படாமல் தட்டு கறுத்திருந்தது. கதிரியக்கம் பிடிபட்டதே அப்படித்தான். பிற்பாடு உலைகளில் வேலைசெய்தவர்கள் சட்டையில் குத்திக்கொண்ட பேட்ஜுக்குள்ளும் ஒரு துண்டு ஃபிலிம்தான் இருந்தது. அதைக் கழுவி, எவ்வளவு கறுத்திருக்கிறது என்று பார்த்து, அவர் உடம்பு எவ்வளவு வாங்கியது என்று கணக்கிட்டார்கள். அந்த ஃபிலிமை யாராவது கொஞ்சம் பிரைட் பண்ணியிருந்தால்?

யோக்கியன் மாதிரி பேசிக்கொண்டே போகிறேன், நானும் இதைச் செய்தவன்தான். மூடிய ஓர் ஆய்வுக்கூடத்தின் கட்டுப்பாட்டுப் பலகையை எடுத்தேன். வெளிறிய பச்சை, ஒரு முள்ளுக்குக் கீழே பென்சிலால் 'தட்டிப் பார்' என்று எழுதிய சின்ன ஸ்டிக்கர். ராத்திரி உட்கார்ந்து பச்சையை நீலமாக்கினேன், ஸ்டிக்கரைத் துடைத்தேன். போட்டபோது நல்ல வரவேற்பு. முள் ஒட்டிக்கொள்ளும், தட்டினால்தான் நகரும் என்று அடுத்த ஷிஃப்ட்காரருக்கு ஒருவர் எழுதி வைத்த குறிப்பை நான் அழித்திருக்கிறேன் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

போன வாரம் பழைய கோப்பைத் தேடி எடுத்து, பச்சையும் ஸ்டிக்கருமாக அப்படியே மறுபடி போட்டேன். பதினோரு லைக். ஒரே ஒரு கமெண்ட்: "சார், வொயிட் பேலன்ஸ் சரியில்லை."