அந்தக் 'கிர்ர்' எங்கிருந்து வருகிறது?

பொறுமை தீர்ந்துவிட்டது. மூன்று மாதமாக என் பாஞ்சோவில் (வட்டச் சட்டத்தில் தோல் போர்த்திய மேற்கத்தியத் தந்தி வாத்தியம்) மூன்றாம் தந்தியை மீட்டினால் பின்னாலேயே ஒரு 'கிர்ர்' வருகிறது. தகர டப்பாவுக்குள் வண்டு சிக்கிக்கொண்டதைப் போல!

தோலை இழுத்துப் பிடிக்க, வட்டச் சட்டத்தைச் சுற்றி 24 கொக்கிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நட்டு. ஒன்று தளர்ந்தாலும் அதிரும். எல்லாவற்றையும் முடுக்கினேன். தோல் விறைத்தது, சத்தம் போகவில்லை. கைதாங்கியைக் கழற்றினேன். பின்பலகையின் திருகுகளைப் பார்த்தேன். தந்திகளைத் தாங்கும் சிறு கட்டையான குதிரைக்குப் பின்னால், தந்திகளுக்கு இடையே துணி நாடாவைச் செருகினேன். ஒரு மணி நேரம் அமைதி. எவ்வளவு இனிமை! பிறகு மறுபடி 'கிர்ர்'. ஒரு கருவிக்கு இத்தனை இரும்பு எதற்கு?

காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில் (முற்றத்தைச் சுற்றிய கூடத்தில்) உட்கார்ந்து வாசித்தால் இன்னும் கொடுமை. ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, கண்ணாடிபோல் இழைத்த சுண்ணாம்புச் சுவர். எந்தச் சத்தத்தையும் விழுங்காது. இந்தப் பீடை முகப்பு வரை கேட்கிறது. "உடைந்துபோய்விட்டதா அப்பு?" என்று அப்பத்தா தினமும் கேட்கிறார்கள். வீணைக்குப் பெயர்போன ஊர் இது. வீணையிலும் தந்திக்கு அடியில் 24 உலோக மெட்டுகள்தான், ஆனால் மெழுகில் பதிந்து அடக்கமாக இருக்கின்றன. இந்தக் கொக்கிகளுக்கு என்ன கேடு?

நேற்றிரவு ஒவ்வொரு கொக்கியாக விரலால் அழுத்திக்கொண்டே தந்தியைத் தட்டினேன். 17-ஆவதில் சத்தம் நின்றது. விரலை எடுத்தேன், வந்தது. முடுக்கினேன், அப்போதும் வந்தது. வாசிக்கவே இரண்டு கையும் வேண்டும். அந்தக் கொக்கியை யார் பிடித்துக்கொண்டிருப்பது?