சட்டம் உயர்ந்தது என்பதால் அலுவலரும் கட்டுப்பட்டவரா?
அமெரிக்க அரசியலமைப்பின் 6ஆவது பிரிவு மத்தியச் சட்டமே நாட்டின் உயர்ந்த சட்டம் என்று சொல்வதால், வாஷிங்டனில் உள்ள மத்திய அரசு இடும் கட்டளை எதுவாயினும் மாநிலங்கள் அதை நிறைவேற்றியே ஆக வேண்டும் என்று கட்டுரையாளர் எழுதுவதில் பாதிதான் சரி. மத்தியச் சட்டத்தோடு முரண்படும் மாநிலச் சட்டம் செல்லாது என்பது உண்மை. ஆனால் அந்த மத்தியச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் வேலையை மாநில அலுவலர்களின் தலையில் கட்ட முடியாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை கூறியிருக்கிறது. கைத்துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியை உள்ளூர்க் காவல் தலைமை விசாரிக்க வேண்டும் என்று 1993ஆம் ஆண்டின் பிரேடி சட்டம் விதித்ததை எதிர்த்து மொன்டானா, அரிசோனா மாநிலங்களின் ஷெரிஃப்கள் (மாவட்டக் காவல் தலைவர்கள்) இருவர் தொடுத்த வழக்கில், 1997இல் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் அந்த விதி செல்லாது என்று தீர்ப்பானது. மாநில உரிமை என்பதே அடிமை முறையைக் காத்தவர்களின் முழக்கம் என்று மேலே ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தென் மாநிலங்களைப் பொறுத்தவரை அதை நான் மறுக்கமாட்டேன். எனினும், தப்பியோடிய அடிமைகள் தொடர்பான பிரிக் வழக்கில் 1842இல் கறுப்பின மக்களை வலுக்கட்டாயமாகப் பிடித்துச் செல்வதைத் தடுத்த பென்சில்வேனியாவின் பாதுகாப்புச் சட்டத்தை ரத்து செய்த அதே தீர்ப்பில், தப்பியோடியவர்களைப் பிடித்துத் தரும் கடமையை மாநிலங்கள் மீது சுமத்த முடியாது என்ற கருத்தையும் உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்டோரி எழுதிவைத்தார். அதைப் பற்றிக்கொண்டு வட மாநிலமான மாசசூசெட்ஸ் மறு ஆண்டே, தன் அலுவலர்களும் சிறைகளும் இந்த வேலைக்குப் பயன்படக் கூடாது என்று சட்டம் இயற்றியது. கட்டளை செல்லாத இடத்தில் பணம் செல்லும் என்பதையும் கட்டுரை தொடவில்லை: மது வாங்கும் குறைந்தபட்ச வயதை 21 ஆக்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பகுதியை நிறுத்திவைக்கும் 1984ஆம் ஆண்டுச் சட்டத்தை, தெற்கு டகோட்டா எதிர்த்தும்கூட, 1987இல் அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.