குளிருக்கு பெட்ரோல் மீட்டர் சாகாது

"ஊட்டிக் குளிருக்கு பெட்ரோல் மீட்டர் செத்துப்போகும், மீட்டர் செட்டையே மாத்திடுங்க" என்று, பைக்கில் பெட்ரோல் முள் தவறாகக் காட்டுகிறது எனக் கேட்டவருக்கு ஒருவர் சொல்லியிருப்பது தவறு. ஆயிரக்கணக்கில் செலவு வைக்கும் யோசனை இது; தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

முதலில் வண்டியைச் சமதளத்தில் நேராக நிறுத்திப் பாருங்கள். ஊட்டி பக்கத்து கல்லட்டி மலைப்பாதை மாதிரி ஏற்றத்தில் பெட்ரோல் பின்பக்கம் ஒதுங்கும், முள் ஏறியோ இறங்கியோ காட்டும். அது பழுதே இல்லை.

சமதளத்திலும் தவறாகக் காட்டினால், டேங்குக்கு அடியில் வரும் கப்ளரை (வயர்களை இணைக்கும் பிளக்) கழற்றுங்கள். மலையில் பெரும்பாலும் கோளாறு இங்கேதான்: பனியும் சாரலும் இறங்கி அதன் உலோகப் பின்களில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். கான்டாக்ட் கிளீனர் (மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே) அடித்து, காயவிட்டு மாட்டுங்கள்.

சரியாகவில்லையா? முள் மீட்டரும் இரண்டு வயரும் உள்ள வண்டியென்றால், சாவியை அணைத்து, கழற்றிய கப்ளரில் மீட்டர் பக்க வயர் இரண்டையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டு சாவி போடுங்கள். டேங்க் மூடி மூடியே இருக்கட்டும். முள் மெதுவாகத்தான் நகரும், அரை நிமிடம் பொறுங்கள். ஒரு கோடிக்குப் போய், பிரித்ததும் மறு கோடிக்கு வந்தால் மீட்டர் நல்லாயிருக்கிறது. கோளாறு டேங்குக்குள் இருக்கும் ப்ளோட் யூனிட்டில் (மிதவை வைத்து பெட்ரோல் அளவைச் சொல்லும் பாகம்). டிஜிட்டல் மீட்டரில் இப்படி ஷார்ட் செய்யாதீர்கள்.

பெட்ரோலை வடித்து, காற்றோட்டமான இடத்தில் யூனிட்டைக் கழற்றி, மல்டிமீட்டரை ஓம்ஸில் (மின்தடை அளவு) வைத்து, யூனிட்டின் இரண்டு வயரிலும் தொட்டுக்கொண்டு ப்ளோட்டை மெல்லத் தூக்குங்கள். அளவு சீராக மாற வேண்டும். நடுவில் அறுந்து குதித்தால் உள்ளே தடம் தேய்ந்துவிட்டது, யூனிட்டை மட்டும் மாற்றினால் போதும். மாட்டும்போது புது கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் வளையம்) கட்டாயம். பழையதைப் போட்டால் பெட்ரோல் கசிந்து சூடான இன்ஜின் மேல் சொட்டும்.