அழுத்தத்தை அளக்காமல் மெம்பிரேனில் கை வைக்காதீர்கள்

ஆர்.ஓ. மெஷினில் தண்ணீர் வரவில்லையா, உப்பை வடிகட்டுகிற மெம்பிரேன் போய்விட்டது. மெதுவாக வருகிறதா, அதுவும் மெம்பிரேன்தான். ராத்திரி முழுக்க ஓடியும் டேங்க் நிறையவில்லையா, "மெம்பிரேன் சோக் ஆயிடுச்சு மேடம், இந்த ஏரியா தண்ணி அப்படி." சர்வீஸுக்கு யார் வந்தாலும் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவர் வெளியே வருவதற்கு முன்னால் தீர்ப்பு வந்துவிடுகிறது. மெஷினுக்குள் நுழைகிற தண்ணீர் என்ன அழுத்தத்தில் வருகிறது என்று ஒருத்தராவது பார்த்திருக்க வேண்டுமே? ஊஹூம். பிரஷர் கேஜ் என்ற ஒன்றை அவர்கள் பையில் நான் பார்த்ததே இல்லை. சில நூறு ரூபாய் சாமான். அதை வாங்கிக் கொடுக்க மாட்டார்கள், ஆயிரக்கணக்கில் மெம்பிரேன் மட்டும் விற்பார்கள்.

எங்கள் வீடு வேளச்சேரியில், நான்காவது மாடி. அதற்கு மேல் மொட்டை மாடி, அதன் மேல் தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிறீர்களே, தண்ணீர் கொட்டுமே என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். நேர் எதிர். பத்து மீட்டர் உயரத்துக்குத்தான் ஒரு கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) அழுத்தம் கிடைக்கும். எங்கள் சமையலறையில் மெஷின் மாட்டியிருக்கிற இடத்துக்கும் தொட்டியின் நீர்மட்டத்துக்கும் இடையே மூன்றரை மீட்டர் இருந்தால் அதிகம். அதாவது 0.35 கிலோ, சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்கிற பி.எஸ்.ஐ. கணக்கில் சுமார் 5. பல மாடல்களின் கையேட்டில் குறைந்தது 0.3 கிலோ வேண்டும் என்று அச்சடித்திருக்கிறார்கள். தொட்டி பாதி காலியானாலே நாங்கள் அந்த எல்லையில் வந்து நிற்கிறோம். பில்டர் புண்ணியவான் தொட்டியை இன்னும் கொஞ்சம் தூக்கிக் கட்டியிருக்கலாம். ஆனால் கணக்குப் போட்டால் அதுவும் பெரிய லாபமில்லை, ஆறு அடி தூக்கினால் இரண்டரை பி.எஸ்.ஐ.தான் கூடும்.

மெம்பிரேன் மேல் 75 ஜி.பி.டி. (நாளைக்கு 75 காலன்) என்று போட்டிருப்பார்களே, அதாவது 284 லிட்டர், அது 50, 60 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில், 25 டிகிரி வெப்பத்தில், உப்பு குறைவான தண்ணீரில் சோதித்த கணக்கு. எங்கள் போர் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்ற கணக்கு, 1,400. ஒவ்வொரு 100 டி.டி.எஸ்.ஸுக்கும் சுமார் ஒரு பி.எஸ்.ஐ. உப்பை எதிர்த்துத் தள்ளுவதற்கே போய்விடும். 500-க்குக் கீழே இருக்கிற தண்ணீருக்கு ஆர்.ஓ.வே கூடாது என்று 2019-இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

"அதுக்குத்தான் உள்ளே பம்ப் இருக்கே மேடம்" என்பார்கள். இருக்கிறது, 24 வோல்ட் பூஸ்டர் பம்ப். ஆனால் பம்ப் தண்ணீரை உற்பத்தி பண்ணாது, வருகிற தண்ணீரைத்தான் அழுத்தித் தள்ளும். மணிக்கு 12 லிட்டர் நல்ல தண்ணீர், அதற்கு மூன்று மடங்கு வேஸ்ட் என்று வைத்தால் நிமிடத்துக்கு முக்கால் லிட்டருக்கு மேல் உள்ளே வந்தாக வேண்டும். அது வராதபோது பம்பைக் குறை சொல்வது, பட்டினி கிடப்பவனிடம் மூட்டையைத் தூக்கச் சொல்லிவிட்டு அவன் தள்ளாடுகிறான் என்று திட்டுவது மாதிரி. இதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. இன்லெட் ட்யூபைக் கழற்றி ஒரு லிட்டர் பாட்டிலில் பிடித்து, எத்தனை நொடியில் நிறைகிறது என்று பார்க்கலாம். சொன்னேன். "சார் எப்ப வருவாங்க மேடம்?" என்று கேட்டான் சர்வீஸுக்கு வந்த பையன். சார் வந்து பாட்டில் பிடித்தால் தண்ணீர் வேகமாக வருமா தம்பி?

சரி, அவர்கள் செய்த வைத்தியங்களைக் கேளுங்கள். மெஷினில் லோ பிரஷர் ஸ்விட்ச் என்று ஒன்று உண்டு. வரத்து குறைந்தால் பம்பை நிறுத்திக் காப்பாற்றுவதற்காக வைத்தது. எங்கள் வீட்டில் அது நொடிக்கொரு தரம் டக்கென்று நின்று, உர்ரென்று ஓடி, மறுபடி டக்கென்று நிற்கும். அடுப்படியில் நிற்கவே எரிச்சலாக இருக்கும். மெஷின் வாய்விட்டுச் சொல்கிறது, எனக்குத் தண்ணீர் போதவில்லை என்று. வந்தவன் என்ன செய்தான்? ஸ்விட்சுக்குப் போகிற இரண்டு ஒயரையும் வெட்டி, ஒன்றோடு ஒன்று முறுக்கி, கறுப்பு டேப் சுற்றிவிட்டான். சத்தம் நின்றது. பம்ப் காய்ந்துபோய் ஓடி ஓடி, கொஞ்ச நாளில் அதுவும் படுத்தது. புது பம்புக்குத் தனி பில்.

இன்னொருத்தன் அதைவிடக் கெட்டிக்காரன். அவன் வந்து போனதும் டேங்க் சட்டென்று நிறைய ஆரம்பித்தது. எனக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் குடித்துப் பார்த்தால் லேசாக உப்புக் கரிக்கிறது. டி.டி.எஸ். மீட்டரை வைத்தால் 400-க்கு மேல். ஐயா என்ன பண்ணியிருக்கிறார் என்றால், டி.டி.எஸ். கண்ட்ரோலரைத் திருகி, மெம்பிரேன் பக்கமே போகாத தண்ணீரை நல்ல தண்ணீரோடு கலந்து விட்டிருக்கிறார். காசு கொடுத்து மெஷின் வாங்கி, போர் தண்ணீரையே கலந்து குடித்திருக்கிறோம்! போன் பண்ணிக் கேட்டால், "மினரல்ஸ் வேணும்ல மேடம்?"

கடைசியில் கண்டுபிடித்தது கம்பெனி ஆள் இல்லை. கீழ்வீட்டு மோட்டார் வேலைக்கு வந்த பிளம்பர் அண்ணன். அவர் பையில் கேஜ் இருந்தது! ஆர்.ஓ. இன்லெட்டில் மாட்டினார். பம்ப் நிற்கும்போது முள் 5-ஐத் தொட்டது. பம்பைப் போட்டதும் அப்படியே பூஜ்யத்தில் சாய்ந்தது. "உயரம் கம்மிதான்மா, ஆனா வழியிலயும் அடைப்பு இருக்கு" என்று இன்லெட் வால்வைக் கழற்றினார். உள்ளே வெள்ளை வெளேரென்று உப்பு பூத்து, தண்ணீர் போகிற ஓட்டை பென்சில் லெட் நுழைகிற அளவுக்குச் சுருங்கியிருந்தது. அதற்குப் பின்னால் சமையலறையைச் சுற்றி வளைத்து இழுத்திருந்த மெல்லிய ட்யூப், அதற்குப் பின்னால் மண், தூசியை முதலில் பிடிக்கிற ஸ்பன் ஃபில்டர், காவி நிறத்தில் கெட்டியாகிப்போய். 5 பி.எஸ்.ஐ. இத்தனையையும் தாண்டி எப்படி வரும்? புது வால்வு போட்டு, ட்யூபைக் குறைத்து, ஸ்பன்னை மாற்றினார். டேங்க் நிறைய ஆரம்பித்தது, கலப்படம் இல்லாமல். மாற்றச் சொல்லிப் பயமுறுத்திய அந்த மெம்பிரேன் இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

ஆனாலும் தொட்டி பாதிக்குக் கீழே இறங்கினால் பழைய கதைதான். எங்கள் லைனில் அரை எச்.பி. பிரஷர் பம்ப் ஒன்று வைத்தால் முடிந்தது என்கிறார் பிளம்பர் அண்ணன். மொட்டை மாடியில் வைக்க வேண்டும், அதற்கு அசோசியேஷன் அனுமதி வேண்டும். செகரட்டரி தரைத்தளத்தில் இருக்கிறார். "எங்க வீட்ல நல்லாத்தானே வருது, உங்க குழாயைப் பாருங்க" என்றார். வராமல் என்ன சார்? நீங்கள் என்னைவிட 12 மீட்டர் கீழே இருக்கிறீர்கள், உங்கள் குழாயில் ஒன்றரைக் கிலோ அடிக்கிறது. அப்புறம் காமன் கரண்ட் ஏறும் என்று ஒரு சாக்கு. அரை எச்.பி. பம்ப் நாளைக்கு மொத்தமாக ஒரு மணி நேரம் ஓடினால்கூட சுமார் அரை யூனிட்தான் ஆகும். அதையும் என் மீட்டரிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். "ஜெனரல் பாடியில் வைத்துப் பேசலாம்" என்று பதில் வந்திருக்கிறது. நானும் ஒரு கேஜ் வாங்கி வைத்திருக்கிறேன். கூட்டத்துக்கு முன்னால் அவர் வீட்டுக் குழாயில் மாட்டிப் படம் எடுத்து, என் வீட்டுப் படத்தோடு சேர்த்து குரூப்பில் போடப் போகிறேன்.